நிறம், எடை, பாலினம்: கேலிக்கு மறுமொழி சொல்லும் மாணவர் மேடை... கேரளம் காட்டும் பாடம் என்ன?

இடுக்கி: வகுப்பறையில் சிரிப்புக்காகச் சொல்லப்படும் 'கறுப்பு', 'குண்டு', 'ஒல்லிக்குச்சி', 'பொம்பள மாதிரி நடக்கிறான்' போன்ற சொற்கள், கேட்கும் மாணவரின் மனத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. அச்சொற்களை மேடையேற்றி, பார்வையாளர் முன் கேள்விக்கு உட்படுத்தும் மாணவர் நாடகங்கள் எவ்வாறு இயங்குகின்றன, எந்த இடத்தில் தடைபடுகின்றன, எல்லையோரத் தமிழ் மாணவர்களுக்கு அவை ஏன் முக்கியம் என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

எல்லையோரத்தில் ஒரு தோட்டப்பகுதி

மூணாறுக்கு அருகே, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டி, தேயிலை மற்றும் ஏலத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ளது சின்னக்கானல். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் சாலை இப்பகுதியைக் கடந்தே செல்கிறது. 2023 ஏப்ரலில் 'அரிக்கொம்பன்' யானை இங்கு பிடிக்கப்பட்டபோது இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. எனினும், பல தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கை பொதுவெளியில் அதிகம் பேசப்படுவதில்லை.

வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசி வளரும் இத்தகைய எல்லையோரப் பிள்ளைகளுக்கு, உடல் குறித்த கேலி தனியாக வருவதில்லை. நிறம், மொழி, சாதி, பெற்றோரின் தொழில் ஆகியவற்றோடு பிணைந்தே வருகிறது. தமிழரை இழிவாகக் குறிக்கக் கேரளத்தில் சிலர் பயன்படுத்தும் 'பாண்டி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவை அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

நிறம் குறித்து எழுந்த விவாதங்கள்

தோற்றம் சார்ந்த இழிவு ஏழைகளையும் சிறுவர்களையும் மட்டுமே தாக்குகிறது என்று கருத இடமில்லை. 2025 மார்ச்சில், அப்போதைய கேரளத் தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன், தமது நிறத்தை முன்வைத்துத் தமது பணிக்காலம் கணவரின் பணிக்காலத்தோடு ஒப்பிடப்பட்டதாகச் சமூக வலைதளத்தில் வெளிப்படையாக எழுதினார். அவரது கணவர் வி.வேணு, அவருக்கு முன் அதே பதவியை வகித்தவர். சிறுவயதில் தம்மை மீண்டும் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா எனத் தாயிடம் கேட்டதையும் அப்பதிவில் அவர் நினைவுகூர்ந்திருந்தார். மாநிலத்தின் உயரிய நிர்வாகப் பதவியில் இருந்தவருக்கே இந்த அனுபவம் என்பது பரவலான விவாதத்தை ஏற்படுத்தியது.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2024 மார்ச்சில், ஆர்.எல்.வி.ராமகிருஷ்ணன் என்ற மோகினியாட்டக் கலைஞரைச் சுற்றி மற்றொரு சர்ச்சை எழுந்தது. ஆண்கள் மோகினியாட்டம் ஆடுவதையும், ஆடுபவரின் கறுத்த நிறத்தையும் இழித்து மற்றொரு நடனக் கலைஞர் நேர்காணல் ஒன்றில் பேசியதே அதற்குக் காரணம். மறைந்த நடிகர் கலாபவன் மணியின் சகோதரரான ராமகிருஷ்ணன், மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

இச்சர்ச்சையில் மாணவர்களின் செயல்பாடு கவனம் பெற்றது. செறுதுருத்தியில் உள்ள கேரள கலாமண்டலத்தின் மாணவர் அமைப்பு, ராமகிருஷ்ணனைத் தங்கள் வளாகத்துக்கே அழைத்து ஆட வைத்தது. அதையடுத்து, மோகினியாட்டப் படிப்பில் பாலின வேறுபாடின்றி அனைவரையும் சேர்க்கும் முடிவைக் கலாமண்டலம் எடுத்தது. 1930-ல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், கதகளிப் பிரிவில் மாணவிகளைச் சேர்க்கத் தொடங்கியது 2021-ல் தான் என்பது குறிப்பிடத்தக்கது. அறிக்கையோ கண்டனக் கூட்டமோ அல்லாமல், இழிவுபடுத்தப்பட்ட உடலை மேடையின் நடுவில் நிறுத்தியதே மாணவர்கள் அளித்த பதிலாக அமைந்தது.

கேரள மேடையின் நீண்ட மரபு

உடலையும் பாலினத்தையும் மேடையில் பேசுவது கேரளத்துக்குப் புதிதன்று. நம்பூதிரி சமூகத்துப் பெண்கள் அந்தப்புரத்துக்குள் அடைக்கப்பட்டிருந்ததைக் கேள்வி கேட்ட வி.டி.பட்டதிரிப்பாடின் 'அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு' நாடகம் 1929-ல் மேடையேறியது. ஆனால், பெண்களின் விடுதலையைப் பேசிய அக்கால நாடகங்களை எழுதியவர்கள் ஆண்கள். பெண் வேடங்களிலும் ஆண்களே நடித்தனர்.

அந்த நிலையை மாற்றியது பாலக்காடு மாவட்டம் லக்கிடியோடு தொடர்புடைய ஒரு முயற்சி. வீட்டை விட்டு வெளியேறி, தொழில் பழகிச் சொந்தக் காலில் நிற்க முயன்ற அந்தர்ஜனப் பெண்கள், 1948-ல் 'தொழில்கேந்திரத்திலேக்கு' என்ற நாடகத்தைத் தாங்களே உருவாக்கித் தாங்களே நடித்தனர். பெண்களைப் பற்றிய நாடகம் என்பதிலிருந்து பெண்களின் நாடகம் என்ற நிலைக்கு மலையாள அரங்கு நகர்ந்த தருணமாக இது கருதப்படுகிறது.

மேடையேறிய பெண்கள் அதற்கான விலையையும் கொடுத்தனர். 1950-களில் இ.கே.அயமுவின் நாடகத்தில் நடித்த நிலம்பூர் ஆயிஷா, இஸ்லாமியப் பெண் மேடையில் நடிப்பதா என்ற எதிர்ப்பைச் சந்தித்தார். நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே அவரைக் குறிவைத்துத் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அதில் உயிர்தப்பிய அவர் தொடர்ந்து நடித்தார்.

பள்ளி மேடையில் தடைபட்ட குரல்

இந்த மரபின் இன்றைய மாணவர் வடிவத்தைக் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் காணலாம். 1957-ல் தொடங்கிய இவ்விழாவில் உள்ள நாடகப் போட்டி, சமூகப் பிரச்சினைகளை மாணவர்கள் வாயிலாகப் பேசும் களமாக வளர்ந்துள்ளது. அதன் வலிமையையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டியது 2018-ல் மேடையேறிய 'கிதாப்'.

கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகேயுள்ள மேமுண்டா மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் நடித்த இந்நாடகத்தை ரஃபீக் மங்கலசேரி இயக்கினார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் முக்ரியின் மகள், தானும் பாங்கு சொல்ல விரும்புவதே கதை. வீட்டில் ஆணுக்கு ஓர் உணவு, பெண்ணுக்கு ஓர் உணவு ஏன் என்பது போன்ற கேள்விகளையும் அச்சிறுமி எழுப்பினாள். கோழிக்கோடு வருவாய் மாவட்டக் கலைவிழாவில் முதலிடம் பெற்ற நாடகம், மாநில அளவிலான போட்டிக்குத் தகுதி பெற்றது.

ஆனால், நாடகம் தங்கள் மதத்தைத் தவறாகச் சித்தரிப்பதாகச் சில இஸ்லாமிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எழுத்தாளர் உண்ணி ஆர். எழுதிய 'வாங்கு' சிறுகதையின் சாயலில் அமைந்த நாடகத்துக்குத் தம்மிடம் அனுமதி பெறப்படவில்லை என அவரும் விலகி நின்றார். இறுதியில் பள்ளி நிர்வாகம் நாடகத்தைத் திரும்பப் பெற்றது. ஆலப்புழையில் நடந்த மாநில விழாவில் 'கிதாப்' மேடையேறவில்லை. எழுத்தாளர்களும் கலைஞர்களும் மாணவர்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தபோதிலும் முடிவு மாறவில்லை.

நாடகத்தின் பார்வை சரியா தவறா என்பதில் இரு தரப்பிலும் வாதங்கள் உண்டு. ஒரு சமூகத்தின் பெண்களைப் பற்றிப் பேசும்போது அச்சமூகத்துப் பெண்களின் குரல் எவ்வளவு இடம்பெற்றது என்ற கேள்வி நியாயமானது. அதேவேளை, ஒத்திகை பார்த்து, நடித்து, வென்ற மாணவர்களிடம் அந்த முடிவு குறித்து எவ்வளவு கலந்தாலோசிக்கப்பட்டது என்ற கேள்வியும் அதே அளவு நியாயமானது. இருபுறமும் பெரியவர்களே பேச, மேடையில் நின்ற பிள்ளைகள் பார்வையாளர்களாக மாறியதே அந்நிகழ்வின் முரண்.

உலக வளாகங்களில் நடந்த விவாதம்

மாணவர் நாடகத்தில் யாருடைய குரல் ஒலிக்கிறது என்ற இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. ஈவ் என்ஸ்லர் 1996-ல் மேடையேற்றிய 'தி வஜைனா மோனோலாக்ஸ்', பெண்கள் தங்கள் உடலைப் பற்றிப் பேசும் தனிமொழிகளின் தொகுப்பு. ஆண்டுதோறும் பிப்ரவரியில், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நிதி திரட்டும் நோக்கில், பல நாடுகளின் கல்லூரிகளில் மாணவிகள் இதை நடித்து வருகின்றனர். உச்சரிக்கவே கூசும் சொற்களை அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் சொல்வதே அவர்களுக்கு ஒரு விடுதலையாக அமைந்தது. இந்தியாவில் பல நகரங்களில் நடந்த இந்நாடகத்துக்கு, 2004-ல் சென்னையில் காவல்துறை அனுமதி மறுத்தது.

எனினும், 2015-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரி மாணவர் நாடகக் குழு, இந்நாடகத்தை இனி நடத்தப்போவதில்லை என அறிவித்தது. பெண்மையை ஓர் உடல் உறுப்போடு சுருக்குவதால் திருநங்கைகள் வெளியே தள்ளப்படுகின்றனர் என்பது அக்குழுவின் வாதம். பெண் என்பவர் யார் என்பதற்கு இந்நாடகம் வரையறை தரவில்லை என்று என்ஸ்லர் பதிலளித்தார். இங்கு நாடகத்தை நிறுத்தியவர்கள் மாணவர்களே என்பதும், காரணத்தை வெளிப்படையாக விவாதித்தே அம்முடிவை எடுத்தனர் என்பதும் 'கிதாப்' நிகழ்விலிருந்து இதை வேறுபடுத்துகின்றன.

தமிழ்நாட்டின் அனுபவம்

தமிழ்நாட்டில் இத்துறையில் முன்னோடியாகத் திகழ்பவர், சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய நாடக இயக்குநர் அ.மங்கை. பெண் சிசுக்கொலையை மையமாகக் கொண்ட 'பச்ச மண்ணு' உள்ளிட்ட நாடகங்களை அவர் உருவாக்கினார். திருநங்கைகளே நடித்த 'கண்ணாடி கலைக்குழு'வின் 'மனசின் அழைப்பு', 'உறையாத நினைவுகள்' ஆகிய நாடகங்களையும் அவர் இயக்கினார்.

திரைப்படங்களில் நகைச்சுவைப் பொருளாகவே காட்டப்பட்டு வந்தவர்கள், தங்கள் கதையைத் தாங்களே சொன்னபோது பார்வையாளர்களின் சிரிப்பு அடங்கியது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இம்முயற்சி தொடங்கியது.

விவாத அரங்கு எப்படி இயங்குகிறது?

போட்டி நாடகங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. அரங்க அமைப்பு, ஒளி, ஒலி, வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் எனச் செலவு பெருகுகிறது. வசதி குறைந்த பள்ளிகள் பின்தங்குகின்றன. மதிப்பெண்ணும் தரநிலையும் முன்னிலை பெறும்போது, மாணவரின் அனுபவம் இயக்குநரின் கருத்துக்கு வழிவிடுகிறது.

இதற்கு மாற்றாக நாடகத்துறையினர் முன்வைப்பது 'விவாத அரங்கு' முறை. பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோருக்கான அரங்கு' என்ற அணுகுமுறையின் ஒரு பகுதி இது. இந்தியாவில் 1985-ல் மேற்கு வங்கத்தில் தொடங்கப்பட்ட 'ஜன சம்ஸ்கிருதி' அமைப்பு இம்முறையைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது.

இம்முறையில் மாணவர்கள் பத்து நிமிடங்களுக்கு மிகாத ஒரு காட்சியை நடிப்பர். எடுத்துக்காட்டாக, ஆண்டு விழா நாடகத்தில் இளவரசி வேடத்துக்கு நன்றாக வசனம் பேசும் மாணவி ஒருவர் முன்வருகிறார். 'இளவரசி சிவப்பாக இருக்க வேண்டும்' எனக் கூறி அவருக்குத் தோழி வேடம் தரப்படுகிறது. வகுப்பு சிரிக்கிறது. அவரும் சிரித்தபடி ஒதுங்குகிறார். காட்சி அங்கேயே, தீர்வின்றி முடிகிறது.

பின்னர் அதே காட்சி மீண்டும் நடிக்கப்படும். இம்முறை பார்வையாளர் எவரும் 'நிறுத்து' என்று சொல்லி, மேடைக்கு வந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்திலோ அருகில் இருக்கும் தோழியின் இடத்திலோ நின்று வேறு விதமாக நடந்துகாட்டலாம். ஒருவர் ஆசிரியரிடம் வாதாடுவார். மற்றொருவர் வகுப்புத் தோழர்களின் ஆதரவைத் திரட்டுவார். இன்னொருவர் பெற்றோரை அழைத்து வருவார். ஒவ்வொன்றும் நடைமுறையில் பலிக்குமா என்பதை ஒருங்கிணைப்பாளர் அவையிடமே கேட்பார். மேடையேறாத மாணவரும் இவ்விவாதத்தில் பங்கேற்க முடியும்.

கேலி செய்தவர் மட்டுமன்றி, சிரித்தவரும் அமைதியாக இருந்தவரும் அக்காட்சியின் பங்காளிகள் என்பதை மாணவர்கள் இதில் கண்டுகொள்கின்றனர். பள்ளியில் நடைபெறும் தோற்றக் கேலியைத் தடுப்பதற்கு, அருகில் இருப்பவரின் தலையீடே பெரும்பாலும் முதல் படி என்பதால் இப்புரிதல் முக்கியமானது. மேலும், இதற்குத் திரைச்சீலையோ ஒலிபெருக்கியோ தேவையில்லை. தோட்டக் குடியிருப்பின் முற்றத்திலும் இதை நடத்தலாம்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

மேடை எப்போதும் விடுதலை தருவதில்லை. பருமனான மாணவருக்குக் கோமாளி வேடம், மென்மையாகப் பேசும் மாணவருக்குக் கேலிக்குரிய பெண் வேடம், கறுத்த மாணவருக்கு வில்லன் வேடம் என்ற வழக்கம் திரைப்படங்களிலிருந்து பள்ளி மேடைக்கும் வந்துள்ளது. உடல் கேலிக்கு எதிரான நாடகமே அதே கேலியைச் சிரிப்புக்காகப் பயன்படுத்தும் ஆபத்து உண்டு.

கேலிக்கு உள்ளான மாணவரை அவரது சொந்தக் கதையிலேயே நடிக்க வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியது. பலரின் அனுபவங்களைக் கலந்து கற்பனைப் பாத்திரமாக அமைத்தால், அடுத்த நாள் வகுப்பறையில் அவர் தனித்துக் காட்டப்படமாட்டார். ஒத்திகையின்போது மனவேதனையை வெளிப்படுத்தும் மாணவருக்குப் பள்ளி ஆலோசகரின் உதவி கிடைப்பதும் அவசியம்.

இதன் தீவிரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைத் தவிர்த்து வந்த கல்லூரி மாணவி ஒருவர் 2025-ல் கேரளத்தில் உயிரிழந்தது, தோற்றம் பற்றிய அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் செல்லக்கூடும் என்பதை உணர்த்தியது.

சட்டம் என்ன சொல்கிறது?

உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிமுறைகள் 2009-ல் வெளியாகின. 2016-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நிறம், சாதி, பாலினம், தோற்றம், மொழி அடையாளம், பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை முன்வைத்து மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங் ஆகும். 'பாண்டி' என்ற கேலியும் இந்த வரையறைக்குள் வரக்கூடும்.

தோற்றம் குறித்த பேச்சைக் கேரள உயர் நீதிமன்றமும் கடுமையாக அணுகியுள்ளது. குடும்பத்தில் மருமகளை உடல் கேலி செய்வது, முகாந்திர அளவில் கொடுமைப்படுத்துதலாகும் என்று 2024-ல் அந்நீதிமன்றம் கூறியது. பெண்ணின் உடலமைப்பைக் குறிப்பிட்டுப் பேசுவது, முகாந்திர அளவில் பாலியல் துன்புறுத்தலாகலாம் என்று 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில் தெரிவித்தது. உடல் கேலிக்கு எதிரான விழிப்புணர்வைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும் எனக் கேரளக் கல்வி அமைச்சர் வி.சிவன்குட்டி 2022 இறுதியில் கூறியிருந்தார்.

மலைப்பகுதி மாணவர்களுக்கான வாய்ப்பு

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவில், முதன்முறையாகப் பழங்குடியினரின் ஐந்து கலை வடிவங்கள் போட்டிப் பிரிவுகளாகச் சேர்க்கப்பட்டன. இடுக்கி மலைப்பகுதியைச் சேர்ந்த மலைப்புலையர் ஆட்டமும் பளியர் நடனமும், பாலக்காட்டின் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் நடனமும் அவற்றில் அடங்கும். கேலிக்கு உள்ளான உடல்களும் அவற்றின் அசைவுகளும் மாநில மேடையின் மையத்துக்கு வந்தன. ஆனால், போட்டிக்காக அக்கலைகளைப் பிற மாணவர்கள் கற்று ஆடும்போது, அச்சமூகத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்பது இனிவரும் விழாக்களில் கவனிக்கப்பட வேண்டியது.

எல்லையோரத் தோட்டப்பகுதிக்குச் சொந்தமாகவே ஒரு முன்மாதிரியும் உண்டு. 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தேயிலைத் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்து, தாங்களே பேச்சுவார்த்தைக்குச் சென்ற அப்போராட்டம் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் அறியப்பட்டது. 20 சதவீதத்துக்கு இணையான தொகையை அவர்கள் பெற்றனர். தங்கள் பிரச்சினையைத் தங்கள் மொழியில், தாங்களே முன்னின்று பேசியதே அதன் வலிமை.

லக்கிடிப் பெண்கள் 1948-ல் செய்ததும் அதுவே. மாணவர் நாடகத்தின் பயனையும் அந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டியுள்ளது. கதை யாருடையது, அதை எழுதுவதில் மாணவருக்குப் பங்கு உண்டா, எதிர்ப்பு வந்தால் பள்ளி அவர்களோடு அமர்ந்து பேசுமா என்பவையே, ஒரு நாடகம் பரிசோடு முடிகிறதா, வகுப்பறையை மாற்றுகிறதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

உதவி தேவைப்படுவோர் கவனத்துக்கு: தோற்றம், பாலினம் சார்ந்த கேலியால் மன உளைச்சலுக்கு உள்ளாகும் குழந்தைகள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், எவரும் 14416 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் இலவசமாகத் தொடர்பு கொள்ளலாம். கேரளத்தில் 1056 என்ற 'திஷா' எண்ணும், தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் செயல்பட்டு வருகின்றன.